மாட்டுக்கொட்டகை அம்பாசடரும் நாமக்கல் பட்டறையும்

சேலம் சீலநாயக்கன்பட்டியில் இருந்து தெற்கே நாமக்கல் நோக்கிப் போகும் நெடுஞ்சாலையில் ஒரு காலத்தில் விசித்திரமான வண்டிகள் போகும். சக்கரங்கள், ஒரு எஞ்சின், நீளமான இரண்டு இரும்புச் சட்டம், ஒரு ஸ்டீயரிங். அவ்வளவுதான். கூரை கிடையாது, கதவு கிடையாது. தற்காலிகமாக வைத்த பலகையில் உட்கார்ந்து, தலையைச் சுற்றித் துண்டைக் கட்டிக்கொண்டு, எதிர்காற்றில் கண்ணைச் சுருக்கியபடி ஓட்டுநர் அதை ஓட்டி வருவார். அது லாரியின் சேஸ். நாமக்கல் போய்ச் சேர்ந்து சில வாரம் பட்டறையில் நின்றால் கேபின், பலகை, பெயின்ட், நெற்றியில் குலதெய்வத்தின் பெயர் எல்லாம் வாங்கிக்கொண்டு முழு லாரியாக வெளியே வரும். இப்போது பல லாரிகள் கம்பெனியிலேயே கேபினோடு வந்துவிடுகின்றன. ஆனாலும் நாமக்கல் என்றால் முட்டைக்கு அடுத்து இன்றும் நினைவுக்கு வருவது இந்த ‘பாடி கட்டும்’ தொழில்தான்.

இதனால்தான் பழைய கார் ஒன்றை வாங்கிச் சரிசெய்ய வேண்டும் என்று முதன்முதலாக ஆசைப்படுகிற ஒருவருக்கு இந்த ஊர்கள் மேல் ஒரு நம்பிக்கை வந்துவிடுகிறது. வெறும் இரும்புச் சட்டத்தை லாரி ஆக்குகிறவர்களுக்கு ஒரு அம்பாசடர் எம்மாத்திரம் என்று தோன்றும்.

அந்த நம்பிக்கை பாதிதான் சரி. எந்தப் பாதி சரி என்பது தெரியாமல் காசைக் கொட்டுவதில்தான் பல கார்கள் பட்டறை மூலையிலேயே முடிந்துபோகின்றன.

வண்டி எங்கே நிற்கிறது?

சேலம், நாமக்கல் சமவெளியில் பழைய கார் தேடுகிறவர் ஷோரூம் பக்கம் போக வேண்டியதில்லை. ராசிபுரம், ஆத்தூர் பக்கம் மரவள்ளிக் கிழங்கு அரைக்கும் சேகோ ஆலைகள், சங்ககிரியின் லாரி குடும்பங்கள், திருச்செங்கோட்டின் ரிக் வண்டிக்காரர்கள், கோழிப்பண்ணைக்காரர்கள் என்று கையில் காசு புழங்கிய வீடுகளில் ஒரு தலைமுறைக்கு முன்பு கார் என்றால் அம்பாசடர், இல்லையென்றால் ஃபியட். வேறு பேச்சு குறைவு. மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1950-களின் இறுதியில் தொடங்கி 2014 மே மாதம் வரை அம்பாசடரைத் தயாரித்தது. பம்பாயின் பிரீமியர் நிறுவனம் இத்தாலிய ஃபியட் 1100 காரை உரிமம் பெற்றுத் தயாரித்து, 1970-களில் அதற்குப் ‘பத்மினி’ என்று பெயர் வைத்தது. பெயர் மாறியும் நம் ஊரில் அது கடைசி வரை ‘ஃபியட்டு’தான்.

மாருதி வந்த பிறகு இந்தக் கார்கள் வீட்டு வாசலில் இருந்து களத்துக்கும், களத்தில் இருந்து மாட்டுக்கொட்டகைக்கும் நகர்ந்தன. சிலவற்றின் பின்சீட்டில் கோழி அடை காத்தது. விற்கவும் மனமில்லை, ஓட்டவும் ஆளில்லை. தேடிப் போகிறவருக்கு அங்கே கிடைக்கும் பதில் பெரும்பாலும் இந்த ரகமாகத்தான் இருக்கும்:

“வண்டி எத்தன வருசமா நிக்குதுங்க?”

“அப்பா இருந்தவரைக்கும் ஓட்டுனாருங்க. அதுக்கப்புறம் எடுக்கவே இல்லீங்க.”

இந்தப் பதிலைக் கேட்டதும் விலை பேசுவதை ஒரு நிமிடம் நிறுத்திக்கொள்வது மரியாதை. புத்திசாலித்தனமும்கூட. இப்படி ஒரே குடும்பத்திடம் இருந்த வண்டிக்குக் கதையும் ஒன்றுதான் இருக்கும். நான்கைந்து கை மாறிய வண்டிக்கு நான்கைந்து பொய் இருக்கும்.

ஊரும் கொஞ்சம் உதவுகிறது. இது கடற்காற்று எட்டாத வறண்ட பூமி. சென்னையிலோ கடலூரிலோ இருபது வருடம் வெளியே நின்ற காரின் தரை வழியாக மண்ணைப் பார்க்கலாம். இங்கே கூரைக்குக் கீழே நின்ற கார் அந்த அளவுக்கு உளுத்துப்போவதில்லை. இரும்பைத் தின்னாத வெயில் ரப்பரைத் தின்றிருக்கும். கண்ணாடி பீடிங், ஹோஸ், டயர், வயரின் மேலுறை எல்லாம் தொட்டால் உதிரும். அதெல்லாம் மாற்றக்கூடியவை.

சேலத்துக்கு மேற்கே இருக்கும் கஞ்சமலை இரும்புக் கனிமம் நிறைந்த மலை. 1830-களில் ஹீத் என்ற ஆங்கிலேயர் பரங்கிப்பேட்டையில் இரும்பு ஆலை நடத்தியபோது சேலத்துக் கனிமம்தான் அங்கே போனது. இன்று அந்தப் பக்கத்திலேயே துருப்பிடிக்காத எஃகுத் தகடு தயாரிக்கும் சேலம் உருக்காலை இருக்கிறது. அப்படிப்பட்ட ஊரில் ஒருவர் பழைய காருக்குக் கீழே படுத்து டார்ச் அடித்துத் துருவைத் தேடுவது கொஞ்சம் வேடிக்கைதான்.

காந்தம் ஒட்டாத இடம்

முதல் கார் வாங்குகிறவர் செய்யும் முதல் தவறு, பானெட்டைத் திறந்து எஞ்சினைப் பார்ப்பது. எஞ்சின் ஓடுகிறதா, புகை வருகிறதா என்றுதான் கண் போகும். ஆனால் இந்தச் சமவெளியில் எஞ்சின் கடைசிக் கவலையாக இருக்கலாம். லாரிக்கும் ரிக்குக்கும் இரவு பகலாக வேலை செய்யும் லேத் பட்டறைகள் இங்கே தெருவுக்குத் தெரு. சிலிண்டர் போரிங், கிராங்க் கிரைண்டிங், வால்வு சீட் வெட்டுவது, ஸ்லீவ் இறக்குவது எல்லாம் அன்றாட வேலை. அம்பாசடரின் 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சின் பிரிட்டனில் பி.எம்.சி. வடிவமைத்தது. சிக்கல் இல்லாத, கனமான, பிரித்தால் புரிகிற எஞ்சின். பெரிய லாரி எஞ்சின்களைப் பிரித்துப் பழகிய கைக்கு அது விளையாட்டுச் சாமான்.

பார்க்க வேண்டியது உடம்பை. அம்பாசடருக்கும் ஃபியட்டுக்கும் லாரிபோல் தனி சேஸ் கிடையாது. தரைத் தகடு, கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் பெட்டி போன்ற பகுதி, தூண்கள், கூரை எல்லாம் ஒன்றாகப் பற்றவைத்த கூடுதான் அந்தக் காரின் எலும்பு. அது உளுத்திருந்தால் மேலே எவ்வளவு பளபளத்தாலும் வீண்.

அதற்கு ஒரு சின்னக் காந்தம் போதும். பெயின்ட் கீறாமல் இருக்க மெல்லிய துணியில் சுற்றி, கதவின் கீழ் ஓரம், சக்கர வளைவு, டிக்கியின் தளம், பேட்டரி வைக்கும் இடம், முன்கண்ணாடியின் கீழ் மூலை என்று ஒவ்வொரு இடமாக வைத்துப் பார்க்க வேண்டும். தகடு இருந்தால் ஒட்டும். தகடு போய், பட்டி பூசி, மேலே பெயின்ட் அடித்திருந்தால் வழுக்கி விழும். காந்தம் விழுந்த இடங்களை ஒரு தாளில் குறித்துக்கொண்டால் அதுதான் வண்டியின் உண்மையான விலைப்பட்டியல். பிறகு நான்கு கதவையும் திறந்து மூட வேண்டும். கதவைத் தூக்கித் தூக்கி அடித்தால்தான் மூடுகிறது என்றால், கதவில் மட்டுமே குறை என்று நம்பிவிடக் கூடாது. கூடே தொங்கியிருக்கலாம்.

எஞ்சினைப் பொறுத்தவரை ஒரே எச்சரிக்கை: பல வருடம் நின்ற வண்டிக்குப் புது பேட்டரி மாட்டி உடனே செல்ஃப் அடிப்பது கொடுமை. பிளக்குகளைக் கழற்றி, ஓட்டை வழியாகக் கொஞ்சம் ஆயில் ஊற்றி, சில நாள் ஊறவிட்டு, முன்பக்கம் ஹேண்டில் போட்டுக் கையால் மெதுவாகச் சுற்றிப் பார்க்க வேண்டும். சுற்றினால் பாதிக் கவலை தீர்ந்தது.

புத்தகம் இல்லாத வண்டி

தகடு போனால் தகடு வைக்கலாம். ஆர்.சி. புத்தகம் போன வண்டியை எந்த டிங்கராலும் தட்டி நிமிர்த்த முடியாது. மாட்டுக்கொட்டகை வண்டிகளில் இதுதான் பெரிய பள்ளம்.

சொந்தக்கார் என்றால் பதிவு 15 ஆண்டு; அதற்குப் பிறகு ஐந்தைந்து ஆண்டாக, வண்டியை நேரில் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். நம் ஊர் வழக்கில் ‘எஃப்.சி. காட்டுவது’. காருக்கு 600 ரூபாயாக இருந்த புதுப்பித்தல் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. 20 ஆண்டைத் தாண்டிய வண்டிகளுக்கு 2025-ல் அதுவும் உயர்த்தப்பட்டது. பசுமை வரி தனி. அப்பாவின் பெயரிலேயே நிற்கும் வண்டி என்றால் வாரிசுச் சான்றோடு படிவம் 31. உயிரோடு இருப்பவரிடம் வாங்கினால் படிவம் 29, 30. அண்ணன் தம்பி நான்கு பேர் இருந்து ஒருவர் கையெழுத்துப் போட மறுத்தால் வண்டி மறுபடியும் கொட்டகைக்குத்தான். அந்தக் காலத்தில் பைனான்ஸில் வாங்கிக் கடன் கட்டி முடித்தும், புத்தகத்தில் பைனான்ஸ் பெயரை நீக்காமல் விட்டிருப்பார்கள். கடன் கொடுத்த கம்பெனியே இன்று இருக்காது. இதையெல்லாம் முன்பணம் கொடுப்பதற்கு முன்பு பார்க்க வேண்டும், கொடுத்த பிறகு அல்ல.

சேஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் வண்டியில் தேடிப் பிடித்துப் புத்தகத்தோடு ஒப்பிடுவதும் கட்டாயம். கொங்குப் பக்கத்தில் இதற்கு ஒரு தனிக் காரணம் உண்டு. பெட்ரோல் விலைக்குப் பயந்து, அம்பாசடரின் பெட்ரோல் எஞ்சினைக் கழற்றிவிட்டு வேறு வண்டியின் டீசல் எஞ்சினை மாட்டிய காலம் ஒன்று இருந்தது. புத்தகம் பெட்ரோல் என்று சொல்லும், வண்டி டீசலில் உறுமும்.

50 வயதைத் தாண்டிய வண்டிகளுக்கு 2021 ஜூலையில் மத்திய அரசு தனி விதி கொண்டுவந்தது. ‘வி.ஏ.’ என்ற எழுத்துகளோடு விண்டேஜ் பதிவு எண் கிடைக்கும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்தாண்டுக்குச் செல்லும். சேஸ், கூடு, எஞ்சினில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. அப்படிப் பதிந்த வண்டியைக் கண்காட்சிக்கும், விண்டேஜ் பேரணிக்கும், பெட்ரோல் போடவும், பழுது பார்க்கவும் எடுக்கலாம். தினமும் மளிகைக் கடைக்கு எடுத்துப் போக முடியாது. 1970-களின் முதல் பாதியில் வந்த அம்பாசடர்கள் இப்போது இந்த வரம்பைத் தொட்டுவிட்டன. ஆகவே வாங்கும்போதே முடிவு செய்ய வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: இது ஓட்டவா, வைக்கவா? ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு நாமக்கல் ஆஞ்சநேயரைப் பார்த்துவிட்டு வரத்தான் கார் என்றால் விண்டேஜ் பலகை வேண்டாம், வழக்கமான பதிவையே புதுப்பித்துக்கொள்வது நல்லது.

லாரி கை வேறு, கார் கை வேறு

சேலத்தில் இருந்து மல்லூர், ஆண்டகளூர் கேட், புதுச்சத்திரம் தாண்டினால் சுமார் 55 கிலோமீட்டரில் நாமக்கல். ஊர் நடுவே ஒற்றைப் பாறை, மேலே கோட்டை. கீழே 18 அடி ஆஞ்சநேயர், தலைக்கு மேல் கூரை இல்லாமல். கூரையில்லாத சேஸ்கள் வந்து சேர்ந்த ஊரில் சாமிக்கும் கூரை இல்லை என்று ஓட்டுநர்கள் யாராவது சிரித்திருக்கக்கூடும்.

ஊரைச் சுற்றிலும் பட்டறைகள். சரக்கு லாரி, டிரெய்லர், சமையல் எரிவாயு டேங்கர், கோழி ஏற்றும் கூண்டு வண்டி என்று வரிசையாக நிற்கும். ஒரு பக்கம் வெல்டிங் பொறி, ஒரு பக்கம் மரத்தூள், ஒரு பக்கம் பெயின்ட் வாசனை. பக்கவாட்டில் கை நடுங்காமல் கோடு இழுக்கும் பெயின்டரைப் பார்த்துக்கொண்டு நின்றாலே பொழுது போய்விடும்.

முதல் கார்க்காரர் மயங்கும் இடமும் இதுதான். லாரி பாடி என்பது கனமான சட்டத்தின் மேல் தடித்த ஆங்கிளும் தகடும் வைத்துக் கட்டுவது. எடை தாங்க வேண்டும், அதுதான் கணக்கு. அந்தக் கையிடம் அம்பாசடரின் உளுத்த தரையைக் காட்டினால், நல்லெண்ணத்தோடு தடித்த தகடு ஒன்றை வெட்டி, ஆர்க் வெல்டிங் போட்டு, “இனி நூறு வருசம் போகுமுங்க தம்பி” என்று கொடுப்பார்கள். காரின் தகடோ ஒரு மில்லிமீட்டரை ஒட்டிய மெல்லிய தகடு. ஆர்க்கின் சூட்டில் அது பொத்தலாகும், நெளியும். தடித்த தகடும் மெல்லிய தகடும் சேரும் ஓரத்தில் தண்ணீர் தங்கி, மறுபடியும் அங்கேதான் துரு தொடங்கும். இதைவிட மோசம், கதவுக்குக் கீழ்ப்பகுதியை ஒரேயடியாக வெட்டி எடுப்பது. தாங்கு கொடுக்காமல் வெட்டினால் கூடு அரை அங்குலம் இறங்கிவிடும். பிறகு புதுத் தகட்டைப் பற்றவைத்தால், இறங்கிய நிலையிலேயே அது நிரந்தரமாகிவிடும். கதவு இனி எந்நாளும் மூடாது.

கேட்க வேண்டிய ஆள் கார் டிங்கர். அதே ஊரில், பெரும்பாலும் அதே சாலையில் இருப்பார். கதவுச் சட்டங்களுக்கு இடையே குறுக்குக் கம்பி கொடுத்துக் கூட்டை அசையாமல் நிறுத்திவிட்டு, ஒரு நேரத்தில் ஒரு பக்கம், ஒரு பகுதி மட்டும் வெட்டி, கியாஸிலோ சி.ஓ.டூ. வெல்டிங்கிலோ சின்னச் சின்னப் புள்ளியாக வைத்து, ஆறவிட்டு ஆறவிட்டுச் சேர்ப்பார். வளைந்த மட்கார்டை உள்ளே ஒரு கட்டை வைத்து வெளியே தட்டியே பழைய வளைவுக்குக் கொண்டுவரும் மூத்த டிங்கர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆனால் எண்ணிக்கை குறைகிறது. இன்றைய கார்களுக்கு அடிபட்ட பாகத்தைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதிதாக மாட்டுவதுதான் வழக்கம். தட்டி எடுக்கப் பழகும் இளைஞருக்கு அதில் வருமானம் எங்கே? அம்பாசடரின் உருண்ட மட்கார்டு அந்தக் கைகளுக்குக் கடைசி சில வேலைகளில் ஒன்று.

லாரிப் பட்டறைகளால் பயன் இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. ரேடியேட்டர் அடைப்பு எடுப்பவர், பட்டை மாற்றி ஸ்பிரிங் கட்டுபவர், டைனமோ சுற்றுபவர், பிரேக் டிரம் கடைசல் போடுபவர், சீட்டுக்குக் குஷன் தைப்பவர் என்று லாரிக்காகவே வாழும் இத்தனை கைகள் ஒரே ஊரில் இருப்பதுதான் இந்தச் சமவெளியின் வசதி. சென்னையில் இதற்கு ஊரின் நான்கு மூலைக்கும் அலைய வேண்டும். புது ஸ்பேர் கிடைக்காவிட்டால், பழைய புஷ்ஷைக் கொண்டுபோய் லேத்தில் கொடுத்து “இதே மாதிரி ஒண்ணு கடைஞ்சு குடுங்கண்ணா” என்றால் முடிந்தது. கண்ணாடி, கிரில், விளக்கு வளையம் போன்றவற்றைத்தான் கடைந்து எடுக்க முடியாது. அவற்றுக்குச் சென்னை புதுப்பேட்டைப் பக்கம் ஒரு நடை போக வேண்டியிருக்கும். வாங்கும்போது பத்து ரூபாய் கூடப் போனாலும், இந்தச் சின்னப் பொருள்கள் முழுசாக இருக்கும் வண்டியாகப் பார்ப்பது லாபம்.

நம்ம ஊர் ஹெரால்டு

தனி சேஸ் மேல் பாடி வைத்த கார் ஒன்றும் இருக்கிறது, அதுவும் தமிழ்நாட்டிலேயே பிறந்தது. சென்னை வண்டலூர் அருகே ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி 1961 முதல் 1971 வரை தயாரித்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு. பிரிட்டனின் டிரையம்ப் ஹெரால்டுதான். இத்தாலிய வடிவமைப்பாளர் மிக்கெலோட்டி வரைந்தது. பானெட்டும் மட்கார்டும் ஒன்றாக முன்பக்கமாகக் கவிழ்ந்து திறக்கும். எஞ்சின் முழுக்கக் கண் முன்னால் வந்துவிடும். முன் டயர் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். பிரிட்டனில் வராத நான்கு கதவு மாடல் இங்கே வந்தது. கடைசி வண்டிக்குக்கூட 50 வயது தாண்டிவிட்டது.

பாடியின் பகுதிகள் போல்ட் போட்டு இணைத்தவை என்பதால், கற்றுக்கொள்ள இதைவிட நல்ல வாத்தியார் கிடையாது. நாமக்கல் கணக்குக்கும் பொருந்தும்: சட்டம் கீழே, உடம்பு மேலே. ஆனால் கிடைப்பது அரிது, ஸ்பேர் அதைவிட அரிது. பின்சக்கரத்தின் அமைப்பு வேறு மாதிரி. வளைவில் வேகமாகப் போய் சட்டென்று பிரேக் அடித்தால் பின்பக்கம் தூக்கிக்கொள்ளும். முதல் வண்டிக்கு அம்பாசடரோ ஃபியட்டோ பாதுகாப்பு. ஹெரால்டு வீட்டிலேயே நிற்கிறது, தாத்தா ஓட்டியது என்றால் அது வேறு விஷயம். அப்போது யோசிக்கவே கூடாது.

பெயின்ட் கடைசியில்

கையில் காசு இருக்கும்போது முதலில் பெயின்ட் அடிக்கத்தான் மனசு சொல்லும். வீட்டில் இருப்பவர்களுக்கும் காட்ட ஏதாவது வேண்டுமே! “இத்தன காசு போட்டீங்களே, வண்டி அப்படியேதான இருக்கு?” என்ற கேள்விக்குப் பிரேக் சிலிண்டரைக் காட்டிப் பதில் சொல்ல முடியாது. ஆனால் பெயின்ட் அடித்த பிறகு ஒரே ஒரு இடத்தில் வெல்டிங் வைத்தாலும் அந்தப் பக்கம் முழுக்கக் கருகிப்போகும்.

முதலில் பிரேக். பழைய அம்பாசடர், ஃபியட் இரண்டிலும் நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிரேக்தான். ரப்பர் கப், ஹோஸ், மாஸ்டர் சிலிண்டர் எல்லாம் புதிதாக வேண்டும். இதில் சிக்கனம் கூடாது. நிற்கத் தெரிந்த வண்டிதான் ஓடலாம். அடுத்து வயரிங். உரிந்த வயரில் ஒரு பொறி போதும். பிறகு ரேடியேட்டரும் பெட்ரோல் டேங்கும். டேங்கின் அடியில் துருவும் பழைய பெட்ரோலும் சேர்ந்து பிசின்போல் உறைந்திருக்கும். கழற்றிக் கழுவாமல் புது பெட்ரோல் ஊற்றினால் அது கரைந்து கார்புரேட்டருக்குள் போய் உட்காரும்.

பெட்ரோலும் பழைய பெட்ரோல் இல்லை. ஈயம் கலந்த பெட்ரோல் 2000-த்தோடு நாடு முழுவதும் நின்றுபோனது. ஈயத்தை நம்பிச் செய்த பழைய வால்வு சீட்டுகள் அது இல்லாமல் மெதுவாகத் தேய்ந்துகொண்டே போகும். ஹெட் பிரிக்கும்போதே கடினமான சீட் போட்டுவிடுவது நல்லது. லாரி லேத்துக்கு அது அரை நாள் வேலை. இப்போது பங்குகளில் வருவதோ 20 சதவீதம் எத்தனால் கலந்தது. பழைய ரப்பர் ஹோஸ்களையும் பம்ப்பின் டயாபிரத்தையும் அது இளக்கிவிடும், நின்றால் ஈரத்தை இழுக்கும். எத்தனால் தாங்கும் ஹோஸ் போட்டு, மாதக்கணக்கில் நிறுத்துவதாக இருந்தால் டேங்கைக் காலி செய்துவிட வேண்டும்.

எல்லாவற்றையும்விட வண்டிகளைக் கொல்வது பழுது அல்ல, காத்திருப்பு. பட்டறைக்காரரின் நியாயத்தையும் பார்க்க வேண்டும். ஒரு லாரி ஒரு நாள் நின்றால் அதன் உரிமையாளருக்கு வாடகை போச்சு, தவணை மட்டும் நிற்காது. அந்த லாரி வாசலில் வந்து நிற்கும்போது, அவசரமில்லாத அம்பாசடர் மூலைக்குத் தள்ளப்படும். அதன் கதவுகள் ஒரு பக்கம், சீட்டு ஒரு பக்கம், நட்டும் போல்ட்டும் டால்டா டப்பாவில். ஆறு மாதம் போனால் டப்பா காணாமல் போகும். ஒரு வருடம் போனால் எதை எங்கே மாட்டுவது என்று பிரித்தவருக்கே மறந்துவிடும். இரண்டு வருடம் போனால் காயலான் கடைக்காரர் எடை போட்டு விலை சொல்லிவிட்டுப் போவார்.

இதற்கு அனுபவப்பட்டவர்கள் பிடித்திருக்கும் வழி எளிமையானது. ஒரே மூச்சில் முழு வண்டியையும் பிரிக்காமல், ஒரு வேலை முடிந்து வண்டி உருண்டு வெளியே வந்த பிறகே அடுத்த வேலைக்குக் கை வைப்பார்கள். பிரிக்கும் முன் ஒவ்வொன்றையும் செல்போனில் படம் எடுப்பார்கள், கழற்றிய போல்ட்டுகளைத் தனித்தனிப் பையில் போட்டுப் பெயர் எழுதி வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். மொத்தமாக முன்பணம் கொடுப்பதில்லை. ஆடி மாதத்தில் புது வண்டி எடுக்க நம் ஊரில் பலர் தயங்குவார்கள்; அந்த நேரம் பட்டறை கொஞ்சம் இளைப்பாறுமா என்று முன்கூட்டியே கேட்டு வைக்கலாம். சனிக்கிழமைதோறும் டீயும் போண்டாவும் வாங்கிக்கொண்டு நேரில் போய் நிற்பதைவிடப் பெரிய வேகம் எதுவும் இல்லை. அப்படிப் போய்ப் போய்த்தான் எந்த ஸ்பேனர் எந்த நட்டுக்கு என்பதும் கைக்குப் படியும்.

நூறு கிலோமீட்டர் சோதனை

வேலை முடிந்த வண்டியை நேராக ஏற்காட்டின் இருபது கொண்டை ஊசி வளைவுக்கு ஏற்றுகிறவர்கள் உண்டு. கொல்லிமலையின் எழுபது வளைவுக்கே போகிறவர்களும் உண்டு. பாவம் அந்த ரேடியேட்டர். முதல் ஓட்டத்துக்குச் சமவெளியே போதும்.

நாமக்கல்லில் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டு, விடிகாலையில் கிளம்பி மேற்கே திருச்செங்கோடு. மலைமேல் அர்த்தநாரீஸ்வரர் இருக்க, அடிவாரத்துச் சாலைகளில் கோபுரம்போல் மடக்கிய ரிக் வண்டிகள் போய்வந்துகொண்டிருக்கும். அங்கிருந்து சங்ககிரி. தீரன் சின்னமலையை 1805-ல் தூக்கிலிட்ட கோட்டை தூரத்தில் இருந்தே தெரியும். பிறகு நெடுஞ்சாலை பிடித்துச் சேலம். எந்த இடத்தில் வண்டி நின்றாலும் கூப்பிடு தூரத்தில் ஒரு மெக்கானிக் கிடைக்கும் பாதை இது. டூல்ஸ் பை, ஐந்து லிட்டர் தண்ணீர், உபரி ஃபேன் பெல்ட், பிளாட்டினம் பாயின்ட், கொஞ்சம் வயர் டிக்கியில் இருந்தால் போதும். வேகம் ஐம்பதைத் தாண்ட வேண்டாம். கண் டெம்பரேச்சர் முள்ளின் மேலேயே இருக்கட்டும்.

சங்ககிரிக்கு முன்னால் ஒரு டீக்கடையில் நிறுத்தி, சூடு ஆறப் பானெட்டைத் திறந்து வைத்தால், கேட்காமலே நான்கு பேர் கூடுவார்கள். ஒருவர் கார்புரேட்டரைப் பார்த்து ஆலோசனை சொல்வார். இன்னொருவர் அதை மறுப்பார். லாரி ஓட்டி ஓய்ந்த பெரியவர் ஒருவர் ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் இருக்கும் கை கியரைப் பார்த்துவிட்டு, “ஒரு தடவ உள்ள உக்காந்து பாக்கட்டுங்களா?” என்று கேட்பார். கதவைத் திறந்துவிட்டால், செருப்பை வெளியே கழற்றிவிட்டு ஏறுவார்.